வெல்லத்தில் விழுவது அமிலமல்ல: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், வெல்ல ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நடத்திய ஆய்வைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. ‘வெல்லத்தில் கந்தக அமிலம்’ என்பது தலைப்பு. உள்ளே, ‘சோடியம் ஹைட்ரோ சல்பைடு என்னும் கந்தக அமிலத்தைக் கலந்து வெல்லத்தை வெளுக்கச் செய்கின்றனர்’ என்றும், பக்கத்துக் கட்டத்தில் ‘இது ஹைப்போ என்றும் அழைக்கப்படும்’ என்றும் இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டு வாக்கியங்களில் மூன்று வெவ்வேறு பொருள்களின் பெயர்கள் இருக்கின்றன; ஆலையில் உண்மையிலேயே பயன்படுகிற நான்காவது பொருளின் பெயர் மட்டும் இல்லை. அதைத் திருத்தவே இக்கடிதம்.

பெயர் பிசகினால் என்ன, கலப்படம் கலப்படம்தானே என்று தங்கள் செய்திப் பிரிவில் யாரேனும் கேட்கலாம். செய்தி வந்த அன்று மாலை, ஆலை வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “அண்ணா, நாங்க ஆசிட்டா ஊத்தறோம்? ஆசிட் ஊத்துனா கொப்பரையே ஓட்டையாப் போயிரும். இதை எழுதுனவன் ஆலைப் பக்கமே வந்திருக்க மாட்டான்” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். அவன் செய்வது தவறு என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். செய்யாத ஒன்றைச் செய்ததாக அச்சிட்ட ஒரு செய்தி, செய்கிற தவற்றை நியாயப்படுத்திக்கொள்ள அவனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது.

அவன் ஆலையில் நடப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சக்கை எரியும் அடுப்பின்மேல் கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதித்து, அழுக்கு மேலே திரண்டு, அதை வழித்துவிட்ட பிறகு பாகு இறுகத் தொடங்கும். அப்போது அது புளித்தண்ணீரின் நிறத்தில்தான் இருக்கும். பதம் நெருங்கும் நேரத்தில் ஓர் ஆள் தகர டப்பாவின் மூடியைத் திறந்து, உப்பைப் போன்ற வெள்ளைத் தூளைக் கையால் அள்ளிப் பாகின்மீது தூவி, துடுப்பால் இரண்டு சுற்றுச் சுற்றுவார். ஒரு நிமிடம் ஆகாது. கருத்த பாகு பொன்னிறமாக மாறிவிடும். கூடவே, ஒரு கட்டுத் தீக்குச்சிகளைச் சேர்த்து உரசினாற்போன்ற ஒரு நெடி எழும். தூவியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் போய் இருமிவிட்டு வருவார். டப்பாவின் மூடியை உடனே இறுக்கிவிட வேண்டும் என்பதில் மட்டும் அவர் மிகக் கவனமாக இருப்பார். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் பட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் என்பது அனுபவத்தில் அவருக்குத் தெரியும்.

அந்தத் தூளை ஆலைக்காரர்கள் ‘ஹைட்ரோஸ்’ என்கிறார்கள். சாயப்பட்டறைக்காரர்களுக்கும் அது ஹைட்ரோஸ்தான். நீலச் சாயத்தை நீரில் கரையும் வடிவத்துக்குக் கொண்டுவர அவர்கள் பயன்படுத்துவதும் இதையே. வணிகப் பெயர் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு, வேதியியல் பெயர் சோடியம் டைதயோனைட்டு. இரண்டு சோடியம், இரண்டு கந்தகம், நான்கு ஆக்சிஜன், அவ்வளவுதான். பெயரில் ‘ஹைட்ரோ’ இருந்தாலும் பொருளில் ஹைட்ரஜன் கிடையாது. 1869-இல் இதை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் பால் ஷூட்சன்பெர்கர் ஹைட்ரஜன் இருப்பதாகக் கருதிப் பெயர் வைத்தார்; பின்வந்தவர்கள் இல்லையென்று காட்டிய பிறகும் வாணிபத்தில் பழைய பெயரே நின்றுவிட்டது. இதிலுள்ள இரண்டு கந்தக அணுக்களும் ஒன்றையொன்று மிகத் தளர்வாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீரில் கரைந்ததும் அந்தப் பிடி எளிதில் விட்டுப்போகிறது. பிரிந்த துண்டுகள் இரண்டும், எதிர்ப்படும் பொருளுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் மேலும் ஆக்சிஜன் ஏறிய நிலைக்குப் போகத் துடிக்கின்றன. பாகில் நிறம் தரும் பொருள்கள் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நிறமிழக்கின்றன. கருப்பஞ்சாறு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. பாகோ நீரின் கொதிநிலைக்கு மேல் இருக்கிறது. இந்தச் சூழலில் டைதயோனைட்டு அதிக நேரம் டைதயோனைட்டாக நிலைப்பதில்லை. தயோசல்பேட்டு, பைசல்பைட்டு என்ற வேறு இரண்டு கந்தக உப்புகளாகச் சிதைகிறது; பைசல்பைட்டு என்பது சல்பைட்டு வகையைச் சேர்ந்தது. பைசல்பைட்டிலிருந்து கந்தக டைஆக்சைடு வாயு கிளம்புகிறது. நான் குறிப்பிட்ட தீக்குச்சி நெடி அதுதான். ஆகவே, வெல்லக் கட்டியில் எஞ்சி நம் வாய்க்கு வருவது பெரும்பாலும் சல்பைட்டு.

இனி, அச்சுக் கோளாறு போலத் தோன்றும் செய்திக்கு வருகிறேன். கந்தகம் ஆக்சிஜன் இல்லாமல் உலோகத்தோடு சேர்ந்தால் சல்பைடு. மூன்று ஆக்சிஜன் ஏறினால் சல்பைட்டு. நான்கு ஏறினால் சல்பேட்டு. ஆங்கிலத்தில் கடைசி ஓசை வேறுபடுவதால் காதிலேயே பிரிந்துவிடும் இந்த மூன்றில், முதலிரண்டும் தமிழில் ‘டு’, ‘ட்டு’ என்ற ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்கின்றன. அந்த ஒற்று விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடுகிறது. விடைத்தாள்களில் இந்த ஒற்றுக்காக நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். என் பழைய மாணவர்கள் இக்கடிதத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆக்சைடை ஒட்சைட்டு என்பதுபோலச் சல்பைடைச் சல்பைட்டு என்றும், நாம் சல்பைட்டு என்பதைச் சல்பைற்று என்றும், சல்பேட்டைச் சல்பேற்று என்றும் எழுதுகிறார்கள். டகரமும் றகரமும் கண்ணுக்கு வேறாகத் தெரிவதால் குழப்பம் குறைவு. ஆனால் அவர்களுடைய சல்பைட்டு நம்முடைய சல்பைடு. இரு கரைகளின் நூல்களையும் கலந்து படிப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தங்கள் இதழ் எந்த முறையைப் பின்பற்றினாலும் எனக்கு உடன்பாடே. ஒன்றை எடுத்துக்கொண்டு அதை விடாமல் பின்பற்ற வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

தங்கள் செய்தியில் அச்சான ‘சோடியம் ஹைட்ரோ சல்பைடு’ என்பது கற்பனைப் பொருளன்று. அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது; தோல் பதனிடுவோர் அதை நன்கு அறிவார்கள். சோடியம், ஹைட்ரஜன், கந்தகம் மூன்றும் சேர்ந்த அது, சுண்ணாம்போடு சேர்த்துத் தோலிலிருந்து உரோமத்தை நீக்கப் பயன்படுகிறது. அதில் ஆக்சிஜன் அறவே கிடையாது. அதன்மீது அமிலம் பட்டால் வருவது கந்தக டைஆக்சைடு அல்ல, ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு. தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிகளில் இறங்கித் துப்புரவுத் தொழிலாளர்கள் மயங்கி இறக்கும் செய்திகளில் வருவது இந்த வாயுதான். அதன் கொடுமை, செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் ஆகிவிடுவது. கந்தக டைஆக்சைடோ மூக்கையும் தொண்டையையும் அரித்து, ஆளை வெளியே விரட்டிவிடும். ஒன்று எச்சரிக்கும், மற்றது ஏமாற்றும். வெல்ல ஆலையிலும் தோல் தொழிற்சாலையிலும் உள்ள ஆபத்துகளை ஒரே பெயரால் எழுதினால், இரண்டு இடத்துத் தொழிலாளர்களுக்கும் அது பயன்படாது.

‘ஹைப்போ’ என்பது இன்னொரு கதை. ஒளிப்படச் சுருள் இருந்த காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்களுக்கு ஹைப்போவைத் தெரியாமல் இருக்காது. இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தும் தொட்டியில் இருந்தது அதுதான். ஐந்து மூலக்கூறு நீரோடு கண்ணாடிக் கற்கண்டு போலப் படிகமாக இருக்கும். நீரில் கரைத்தால் பாத்திரம் சில்லென்று ஆகும். வெள்ளி உப்புகளை இது கரைக்கும் என்று 1819-இலேயே ஜான் ஹெர்ஷல் கண்டறிந்திருந்தார். ஒளிப்படக்கலை பிறந்த 1839-இல் அந்தக் கண்டுபிடிப்பு கைகொடுத்தது. அவர் காலத்தில் அதற்குப் பெயர் ‘ஹைப்போசல்பைட்டு’. அதன் சுருக்கமே ஹைப்போ. பின்னர் அமைப்பு தெளிவானபோது, சல்பேட்டிலுள்ள நான்கு ஆக்சிஜன்களில் ஒன்றின் இடத்தில் இன்னொரு கந்தகம் உட்கார்ந்திருப்பது தெரிந்து, தயோசல்பேட்டு என்று பெயர் மாற்றினார்கள். காலியாகிவிட்ட பழைய பெயரைச் சிலர் டைதயோனைட்டுக்குச் சூட்டியது குழப்பத்தை இரட்டிப்பாக்கியது. தங்கள் நிருபர் பார்த்தது அப்படியொரு பழைய குறிப்பாக இருக்கக்கூடும். ஹைட்ரோஸ் சிதைவதில் கொஞ்சம் தயோசல்பேட்டு உண்டாகிறது என்பதைத் தவிர ஹைப்போவுக்கும் வெல்லத்துக்கும் தொடர்பில்லை. சயனைடு நஞ்சை முறிக்க மருத்துவமனையில் ஊசிமூலம் செலுத்தப்படும் மருந்துகளில் சோடியம் தயோசல்பேட்டும் ஒன்று என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

தலைப்பில் வந்த கந்தக அமிலம் இவை எல்லாவற்றுக்கும் அப்பால் இருக்கிறது. பெரியவர்கள் கந்தகத் திராவகம் என்பார்கள். கந்தகத்தைக் காற்றில் எரித்தால் டைஆக்சைடு கிடைக்கும். அது மூன்றாவது ஆக்சிஜனை ஏற்று ட்ரைஆக்சைடாக மாறுவது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. தொழிற்சாலைகளில் வனேடியம் பென்டாக்சைடு என்ற வினையூக்கியின்மேல், சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதை நடத்துகிறார்கள். கிடைக்கும் ட்ரைஆக்சைடை நேரே தண்ணீரில் விட்டால் அமில மூட்டமாகிவிடும் என்பதால், 98 விழுக்காடு கந்தக அமிலத்திலேயே கரைத்துப் பிறகு நீர் சேர்க்கிறார்கள். இந்த அமிலத்தின் உப்புகளான சல்பேட்டுகள் நமக்கு அந்நியமல்ல: பேதியுப்பு, படிகாரம், மயில்துத்தம், அன்னபேதி, சுவருக்குப் பூசும் ஜிப்சம் எல்லாம் சல்பேட்டுகளே. மயில்துத்தத்தைத் தின்றால் ஆபத்து, பேதியுப்பைத் தின்றால் வயிற்றுப்போக்கு, ஜிப்சத்தால் ஒன்றுமில்லை. ஆக, நஞ்சா மருந்தா என்பதைக் கந்தகம் என்ற ஒரே சொல் தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் நிருபருக்குக் கந்தக அமிலம் எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். உணவுப் பகுப்பாய்வுக் கூடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். வெல்லத்தில் சல்பைட்டு எவ்வளவு என்று அறிய, 1927-இல் வெளியான மோனியர் வில்லியம்ஸ் முறையைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். வெல்லத்தை நீரில் கரைத்து, அமிலம் சேர்த்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தியபடியே கொதிக்க வைப்பார்கள். சல்பைட்டு முழுவதும் கந்தக டைஆக்சைடாக வெளியேறி, குளிர்விப்பான் வழியே ஏறி, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள குடுவைக்குப் போகும். அங்கே பெராக்சைடு தன் ஆக்சிஜனை அதற்குக் கொடுத்து, அதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். அந்த அமிலத்தைக் காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்கி, செலவான அளவிலிருந்து கணக்கிடுவார்கள். ஆக, வெல்லத்தில் இல்லாத கந்தக அமிலம் சோதனைக் குடுவையில் உண்டாகத்தான் செய்கிறது! அதிகாரி ஒருவர் முறையை விளக்கியதில் இந்தக் கடைசிப் படி மட்டும் நிருபரின் குறிப்பேட்டில் ஏறியிருந்தால் வியப்பில்லை. இதே முறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குடுவைக்கு வரும்போது எல்லாமே கந்தக டைஆக்சைடுதான். ஆலையில் போட்டது ஹைட்ரோஸா, மெட்டாபைசல்பைட்டு என்ற வேறொரு சல்பைட்டு வகை உப்பா என்று அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது கொட்டகை மூலையில் இருக்கும் தகர டப்பா மட்டுமே.

ஹைட்ரோஸ் போட்டால் என்ன கெடுதி என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். சல்பைட்டு நம் உடலுக்கு முற்றிலும் புதியதன்று. புரதத்திலுள்ள கந்தகம் சிதையும்போது உடலே அதைத் தினமும் உண்டாக்குகிறது, மாலிப்டினம் அடங்கிய ஒரு நொதி அதைச் சல்பேட்டாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. உலர்பழங்களிலும் பழரசங்களிலும் அளவோடு சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறிதளவு சல்பைட்டும் மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும். உணவகங்களில் பச்சைக் காய்கறிகள் வாடாமலிருக்க இதைத் தெளித்ததால் உயிர்கள் போனதை அடுத்து, 1986-இல் அமெரிக்காவில் பச்சையாக உண்ணும் காய்கனிகளில் இதற்குத் தடை விதித்தார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினையும் சல்பைட்டு அழித்துவிடும். ஹைட்ரோஸைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண் வரிசையில் சல்பைட்டுகளுக்கு 220 முதல் எண்கள் உண்டு, தயோசல்பேட்டுக்குக்கூட 539 உண்டு, டைதயோனைட்டுக்கு இடமில்லை. ஆலைக்கு வருவது சாயத் தொழிலுக்கான சரக்கு. அது துத்தநாகத் தூளைக்கொண்டோ, சோடியம் ஃபார்மேட்டைக்கொண்டோ தயாரிக்கப்படுவது. சாப்பாட்டில் விழும் என்று நினைத்து யாரும் அதைச் சுத்திகரிப்பதில்லை.

அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு எளிதாக, ஒரு கிலோ வெல்லத்தில் 50 மில்லிகிராம் கந்தக டைஆக்சைடு என்று ஒரு வரம்பை வைத்துக்கொள்வோம். கொப்பரையில் 100 கிலோ வெல்லம் இறங்கினால் மொத்தம் 5 கிராம். 174 கிராம் டைதயோனைட்டிலிருந்து அதிகபட்சம் 128 கிராம் கந்தக டைஆக்சைடு வரும் என்பதால், அந்த 5 கிராமுக்கு 7 கிராம் ஹைட்ரோஸ் போதும். இரண்டு தேக்கரண்டிகூட வராது. என் கைப்பிடி அளவு உப்பை வீட்டுத் தராசில் நிறுத்தேன், 60 கிராமுக்கு மேல் காட்டியது. கொதிக்கும் பாகிலிருந்து பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும் என்பது உண்மையே. எவ்வளவு போகிறது, எவ்வளவு தங்குகிறது என்பதைக் கையால் அள்ளித் தூவும் ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும்? போகிற பகுதியும் ஒன்றுமில்லாமல் போவதில்லை, அது அந்த ஆளின் நெஞ்சுக்குள்தான் முதலில் போகிறது. தங்கள் செய்தியில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இத்தனைக்கும் இந்த வெளுப்பு நிலைப்பதும் இல்லை. வெண்டைத் தண்டுச் சாற்றையும் சுண்ணாம்பையும் விட்டு அழுக்கைத் திரட்டி வழிக்கும் பழைய முறையில், நிறத்துக்குக் காரணமானவற்றில் ஒரு பகுதி கொப்பரையை விட்டே வெளியேறுகிறது. ஹைட்ரோஸ் எதையும் வெளியேற்றுவதில்லை. இருக்கிற நிறப்பொருளை எலெக்ட்ரான் கொடுத்து அடக்கி வைக்கிறது, அவ்வளவே. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்போது நிறம் மீள்கிறது. தொட்டியிலிருந்து பச்சை மஞ்சளாக எடுத்த துணி, காற்றுப் பட்டதும் நீலமாவது போலத்தான் இதுவும். பொங்கலுக்கு முன் வாங்கிய பொன்னிற வெல்லம் மாசி மாதத்தில் பழுப்பேறிக் கசிவதைப் பார்த்து, காற்றின் ஈரம் என்று நினைத்துக்கொள்கிறோம். நிறத்தைப் பார்த்து விலை வைக்கும் மண்டியையும், கறுத்த வெல்லத்தை ஒதுக்கித் தள்ளும் நம்மையும் விட்டுவிட்டு ஆலைக்காரரை மட்டும் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளைச் சர்க்கரையை நம் ஆலைகளில் பெரும்பாலும் கந்தகத்தை எரித்து வரும் அதே டைஆக்சைடைச் சாற்றில் செலுத்தித்தான் தயாரிக்கிறார்கள் என்பதையும், வெல்லத்துக்கு மாறியதாகப் பெருமைப்படுவோர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அளந்து செலுத்தக் கருவி இருக்கிறது, சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் சல்பைட்டாக வீழ்படியச் செய்து வடிகட்டுகிறார்கள்; இங்கே கைப்பிடிதான் அளவு.

ஆகவே, சென்ற வாரச் செய்திக்கு ஒரு திருத்தத்தை, தலைப்பு வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் மூன்று வரிகள் போதும்: கலக்கப்படுவது சோடியம் டைதயோனைட்டு, அதாவது ஹைட்ரோஸ், வெல்லத்தில் எஞ்சுவது சல்பைட்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துவோரின் மேசைக்குப் பயன்படும் என்று, செய்திகளில் அடிக்கடி இடம் மாறிவிடும் ஒன்பது கந்தகச் சேர்மங்களின் பெயர்களையும், அவை எங்கே பயன்படுகின்றன என்பதையும் ஒரு தாளில் கையால் எழுதி இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ‘ட்டு’ வர வேண்டிய இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டிருக்கிறேன். பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.